கேஸ்கார நாச்சிமுத்துவின் மூக்கு

பிப்ரவரி 18, தாராபுரம்

வண்டி வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை சென்னியப்பன், அதாவது என் மனைவி தெய்வானையின் தம்பி, திருச்செங்கோட்டிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு அங்கே பஸ்ஸுக்கும் லாரிக்கும் பாடி கட்டும் பட்டறையில் வேலை. ஒரு பழைய வேனில் இருந்த சீட்டையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, கட்டில், தண்ணீர்த் தொட்டி, அலமாரி என்று ஒரு குட்டி வீட்டையே உள்ளே கட்டியிருக்கிறான். பின்பக்கம் வெளியே காற்றோட்டமான பெட்டியில் சிலிண்டர். அங்கிருந்து செம்புக் குழாய் உள்ளே வந்து அடுப்பில் சேர்கிறது. அடுப்புக்கு நேரே பெரிய ஜன்னல்.

அந்த ஜன்னலும் அடுப்பும் தெய்வானையின் யோசனை. நான் இருபத்தேழு வருடம் கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காக இருந்தேன். சோற்றில் கை வைத்தால் போன் அடிக்கும். "வாசம் வருதுங்க, உடனே வாங்க" என்பார்கள். கையைக் கழுவிவிட்டு ஓடுவேன். திரும்பி வந்தால் சோறு ஆறி அவலாகக் கிடக்கும். ஐப்பசியில் நான் வேலையை விட்டபோது தெய்வானை சொன்னாள்: "இனி நான் பொங்கறது, நீங்க சூடாத் திங்கறது. அதையும் ஊரு ஊரா நின்னு திங்கறது." அதற்காகத்தான் இந்த வண்டி. இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் பாக்கி இருந்தது. மூட்டுவலி காரணமாக முன்கூட்டியே விட்டுவிட்டேன்.

தினமும் புகார் நோட்டு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது என்பதால் இந்த டைரி.

சென்னியப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "மச்சா, ஒரு அலாரம் வெச்சரலாமுங்களா? கேஸ் லீக்கானாக் கீ கீன்னு கத்தும்."

தெய்வானை சிரித்துவிட்டாள். "போடா. உன்ற மச்சான் மூக்குக்கு முன்னால அலாரமெல்லாம் எம்மாத்தரம்?"

அவள் சொன்னதில் தப்பில்லை. ஊரில் என் பெயரே மூக்கு நாச்சிமுத்து. தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போதே எந்த வீடு என்று சொல்வேன். வாசற்படி ஏறும்போது வாஷரா டியூபா என்று சொல்வேன். மற்ற மெக்கானிக்குகள் சோப்புத் தண்ணீரைத் தடவி நுரை வருகிறதா என்று பார்ப்பார்கள். "சோப்பு, மூக்கு இல்லாதவனுக்கு" என்பது என் வாக்கு. ஏஜென்சியில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

இன்றும் வழக்கம்போல அடுப்பருகே குனிந்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்து, "கச்சிதம்" என்றேன். எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம். ஆடி மாதக் காய்ச்சலிலிருந்து இருக்கிறது. பெரிய விஷயமில்லை.

பிப்ரவரி 20, தாராபுரம்

வண்டிக்குப் பூசை. சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். வெளியே சூடம் காட்டிவிட்டு, மிச்சச் சூடம், தீப்பெட்டி, திருநீறு எல்லாவற்றையும் அடுப்புக்குக் கீழே இருக்கும் டிராயரில் வைத்தாள் தெய்வானை. அதே டிராயரில்தான் பெருங்காய டப்பாவும். மற்ற சாமானெல்லாம், அடுப்புப் பற்ற வைக்கும் லைட்டர் உட்பட, மேல் தட்டில். பெருங்காயத்தை மட்டும் ஏன் சாமியோடு சேர்த்தாள் என்று கேட்டேன். மேலே வைத்தால் காப்பித்தூளில் மணம் ஏறிவிடுமாம்.

மதியம் வண்டியிலேயே முதல் சாம்பார். அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பு சாமான்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொள்வது அவள் பழக்கம். பருப்பு, புளி, மிளகாய்த்தூள், கடைசியாக டிராயரைத் திறந்து பெருங்காயம். திறந்தவள் மூக்கைச் சுருக்கினாள்.

"ஏனுங்க, ஒரு மாதிரி வாசம் வருதில்லீங்க?"

குனிந்தேன். மூச்சு இழுத்தேன். "பெருங்காயம்" என்றேன்.

"அட, ஆமாங்க! எனக்கு ஒண்ணும் வெளங்கல பாருங்க. உங்களுக்குத் தெரியாததா?"

புகார்: வாசனை. ஆய்வு: மூக்கு. முடிவு: பெருங்காயம்.

பிப்ரவரி 22, பழனி

சண்முக நதிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். ஜன்னலுக்கு வெளியே மலை. அரிசிம்பருப்புச் சோறு, தயிர், அப்பளம். சூடான சோறு. போன் அடிக்கவில்லை. தெய்வானை தான் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிங்க இருக்குது?"

"பிரமாதம்" என்றேன். மிளகாய் சுரீரென்றது, உப்பு சரியாக இருந்தது, அப்பளம் நொறுங்கியது. மற்றபடி நன்றாகத்தான் இருந்திருக்கும். அவள் சமையலில் குறை சொல்ல முடியுமா?

சாயங்காலக் குழம்புக்குச் சாமான் எடுக்கும்போது மறுபடியும் வாசம் என்றாள். மறுபடியும் பெருங்காயம் என்றேன்.

பிப்ரவரி 23, பழனி

தெய்வானை ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரத்தில் நானும் தலைக்குக் குளித்தேன். ஷாம்பூ இரண்டு பாக்கெட். ரெகுலேட்டர், டியூப், குழாயின் மூட்டுகள், அடுப்புக் குமிழ், எங்கேயும் நுரை கிளம்பவில்லை.

பிப்ரவரி 24, பரமக்குடி

"ஏனுங்க, ஷாம்பூ பாக்கெட்டு ரெண்டு காணமுங்களே?"

"நாந்தான் தலைக்குப் போட்டேன்."

என் தலையை ஏற இறங்கப் பார்த்தாள். அதில் இரண்டு காதோரமும் சேர்த்தால் ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் போதுமான முடி இருக்கும்.

"இதுக்கு ரெண்டு பாக்கெட்டுங்களா?"

"நெம்ப அழுக்கு."

"அதென்னமோ அடுப்புக் குமிழெல்லாம் பளபளன்னு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக எனக்குப் படவில்லை.

பிப்ரவரி 25, ராமநாதபுரம்

இன்று வெற்றி என்னுடையது. தெய்வானை ஒரு முடிவோடு எழுந்தாள். பெருங்காய டப்பாவைக் கவருக்குள் போட்டு, அதை இன்னொரு கவருக்குள் போட்டு, வண்டிக்குப் பின்னால் ஸ்டெப்னி டயரில் கட்டித் தொங்கவிட்டாள். "இப்பப் பாப்பமுங்க" என்றாள்.

காலையில் வாசம் இல்லை. மதியம் வாசம் இல்லை. சாயங்காலமும் இல்லை.

"நாஞ் சொன்னேன் பாத்தியா?" என்றேன்.

"சொன்னீங்க. மூக்குன்னா மூக்குதானுங்க" என்றாள். எனக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று. ஒருவேளை நான் சொன்னதே நிஜமாக இருக்கலாம். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த மாதிரி என்றாலும் பாய்ந்தது பாய்ந்ததுதான்.

புகார்: வாசனை. முடிவு: பெருங்காயம் நாடு கடத்தப்பட்டது. கோப்பு மூடப்பட்டது.

பிப்ரவரி 26, ராமநாதபுரம்

மதியம் முருங்கைக்காய்ச் சாம்பார். நேற்றைய உற்சாகம் இன்னும் இறங்காததால் நானாகவே ஆரம்பித்தேன்: "இன்னைக்குப் பெருங்காயம் தூக்கல். கமகமன்னு இருக்குது."

தெய்வானையின் கரண்டி அப்படியே நின்றது. "அப்படிங்களா" என்றாள்.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவும்போதுதான் ஸ்டெப்னி டயர் கண்ணில் பட்டது. கவருக்குப் போட்ட முடிச்சு அவிழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு நான் டீக்கடை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது தெய்வானை எதற்கோ என் நாற்காலிக்குப் பின்னால் வெகு நேரம் நின்றாள். திரும்பினேன். சட்டென்று கையைப் பின்னால் மறைத்தாள். "என்ன புள்ள?" என்றால் "ஒண்ணுமில்லீங்க, காத்து வாங்கறன்" என்றாள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு பெஞ்சுக்கு மாறினார். ஏனென்று தெரியவில்லை.

சாயங்காலம் வண்டியின் படிக்கட்டில் ஒரு பொட்டலம் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். கால் கிலோ நெத்திலிக் கருவாடு.

பிப்ரவரி 27, அரியமான் கடற்கரை

சவுக்குத் தோப்பு நிழலில் வண்டி. கடலுக்கும் எங்களுக்கும் நடுவே ஐம்பது அடி மணல்தான். இன்று கிருத்திகை. விளக்கு வைக்கும் நேரத்தில் சாமி படத்துக்குச் சூடம் காட்டுகிறேன் என்று தெய்வானை உள்ளே போனாள். நான் வெளியே கயிற்றில் துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். டிராயரை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க."

எட்டிப் பார்த்தேன். ஒரு கையில் சூடத் தட்டு, மறு கையில் தீப்பெட்டி. டிராயர் முழுக்கத் திறந்திருந்தது.

"வாசம் வருதுங்க. நல்லாவே வருதுங்க. பெருங்காயம் வெளீலதான தொங்குது?" என் கண்ணை நேராகப் பார்த்தாள். "நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க. பத்த வெக்கட்டுங்களா?"

இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அத்தனை பேரும் நான் சொன்ன மறு நொடி நம்பிக் குச்சியைக் கிழித்தார்கள். இவளும் அப்படித்தான் கிழிப்பாள். குனிந்து மோந்தேன். செத்த மூக்கில் காற்று போயிற்று, வந்தது. அதில் கேஸ் இருந்ததா, கடல் இருந்ததா, எனக்குத் தெரியாது.

"கீழ வெய்யி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு கத்தினேன். "தீப்பெட்டியக் கீழ போடு! ஒரு சுச்சயும் தொடாத! வெளிய வா!"

அவள் தட்டையும் தீப்பெட்டியையும் மணலில் போட்டுவிட்டு இறங்கி வந்தாள். நான் பின்னால் ஓடி ரெகுலேட்டரை மூடினேன். இரண்டு கதவையும் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்தேன். அவள் கையைப் பிடித்துத் தோப்பின் மறு ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே நின்றுதான் சொன்னேன்.

"எனக்கு வாசம் தெரியாது, தெய்வான. ஆடியில இருந்து ஒண்ணுமே தெரியாது. கேஸும் தெரியாது, பூவும் தெரியாது, உன்ற சாம்பாரும் தெரியாது."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஏழு மாதம் ஓடியிருக்கிறது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

எழுத ஆரம்பித்தபின் மறைத்து என்ன ஆகப்போகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு மூட்டுவலி கிடையாது. ஆடிக் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மாதம் குத்துமதிப்பாகவே வேலை பார்த்தேன். வீட்டுக்காரர்களிடம் நைசாக "எங்க வருது வாசம்?" என்று கேட்டு, அவர்கள் காட்டும் இடத்திலேயே குனிந்து தலையாட்டுவேன். கடைசியாக ஒரு வீட்டில் "ஒண்ணுமில்லீங்க, பத்த வெக்கலாம்" என்று சொல்லிவிட்டு வாசல்வரை வந்துவிட்டேன். அந்த வீட்டு மருமகள் பின்னாலேயே வந்து "இல்லீங்கண்ணா, எனக்கு நாறுதுங்க" என்றாள். சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தேன். டியூப் முழுக்க நுரை பொங்கியது. அவர்கள் வீட்டுத் தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 28, அரியமான்

அடுப்பு பற்ற வைக்கவில்லை. கடையில் இட்லி. தெய்வானை பேசவில்லை.

காலையில் வண்டியருகே மணலில் நேற்றைய தீப்பெட்டி கிடந்தது. எடுத்துத் திறந்தேன். உள்ளே ஒரு குச்சிகூட இல்லை, மணலிலும் எதுவும் சிந்தியிருக்கவில்லை. பெட்டி சுத்தமாகக் காலி.

கருவாட்டுப் பொட்டலத்தின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலிப் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 1, அரியமான்

காலையில் தெய்வானை வாயைத் திறந்தாள். திறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"ஏழு மாசமா நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம் பொய்யிங்களா?"

"உப்பும் புளியும் காரமும் தெரியும் புள்ள. மத்ததுதான்..."

"பழனியில அரிசிம்பருப்பு பிரமாதம்னீங்க."

"அப்பளம் நெசமாவே பிரமாதம்."

"அப்பளம் கடையில வாங்குனது!"

அவள் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மூக்குப் போனதுக்கு நான் என்ன சொல்லப் போறேன்? காச்சல்ல போச்சு. அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்? ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல. தின்னறத நான் வேடிக்க பாத்துட்டே உக்காந்திருந்தனே. பைத்தியக்காரி மாதிரி."

இருபத்தேழு வருடமும் 'ங்க' போட்டே சண்டை பிடித்தவள் இதை 'ங்க' இல்லாமல் சொன்னாள். அப்போதுதான் எவ்வளவு ஆழமாகப் பட்டிருக்கிறது என்று தெரிந்தது.

"எனக்குன்னு நெனச்சா என்னைக்கோ சொல்லியிருப்பேன்" என்றேன். "வேலையில மானம் போகும்னு மொதல்ல மறச்சேன். அது நெசம்தான். அப்பறம் வண்டி, ஜன்னலு, அடுப்புன்னு நீ ஆரம்பிச்சுட்ட. இத்தன வருசம் காத்துக் கெடந்து நீ சூடாப் போடறப்ப, எனக்குத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது?"

அவள் அழுதாள். நானும் அழுதேன். இங்கே முதலில் 'ஜலதோஷம்' என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.

மூக்கைச் சிந்திவிட்டு அவள் கேட்டாள்: "செரி, எங்கதான் லீக்கு? எனக்கு வாசம் வந்தது நெசமுங்க. நான் ஒண்ணும் பொய் சொல்லல." கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தினாள். வாங்கிக்கொண்டேன்.

"அதுதான் எனக்கும் வெளங்கல. பழனியில சோப்பு போட்டு எல்லா மூட்டும் பாத்தேன்."

"ஓ, அந்த ரெண்டு பாக்கெட்டு ஷாம்பூ."

"அதேதான்."

மார்ச் 2, அரியமான்

புகார் கொடுத்தவர்: தெய்வானை. ஆய்வு செய்தவர்கள்: தெய்வானை, நாச்சிமுத்து.

வேலையை ஆரம்பிக்கும் முன் கதவு ஜன்னல் திறந்து, நெருப்பு, மின்சாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரெகுலேட்டரைத் திறந்தேன். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத்தான் தேங்கும், மேலே மோந்தால் தெரியாது என்று சொல்லிக் கொடுத்தேன். தெய்வானை சேலையைச் செருகிக்கொண்டு முட்டி போட்டு, பின்கதவிலிருந்து அடுப்புவரை குழாய் போகும் வழியெல்லாம் மோந்துகொண்டே வந்தாள்.

"இல்ல. இல்ல. இங்க மொளகாத்தூளு சிந்திக் கெடக்குது. இல்ல. இங்க உங்க துண்டு, அதத் தொவைக்கணுமுங்க. இல்ல."

ஒன்றும் இல்லை. நான் பின்னாலேயே ஷாம்பூத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவிக்கொண்டு வந்தேன். நுரையும் இல்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம்.

"உனக்கு எப்பெப்ப வாசம் வந்துது?" புகார் வந்த வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பத்து நாளாக நான் கேட்கவே இல்லை. மூக்கு இருந்த காலத்திலும் யாரிடமும் கேட்டதில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

அவள் விரல் விட்டாள். "சாம்பாருக்குப் பெருங்காயம் எடுத்தப்ப. பழனியில எடுத்தப்ப. பெருங்காயத்த வெளிய கட்டுனப்பறம் வரல. கிருத்திகையன்னைக்குச் சூடம் எடுத்தப்ப..."

இருவரும் ஒரே நேரத்தில் டிராயரைப் பார்த்தோம்.

நான் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்து, இடுக்கு வழியாகக் கையை விட்டுச் செம்புக் குழாயின் மூட்டில் ஷாம்பூவைத் தடவினேன். "இப்ப இழு" என்றேன். இழுத்தாள். மூட்டில் புசுபுசுவென்று நுரை பூத்தது. "மூடு" என்றேன். நின்றது. "இழு." பூத்தது.

"வருதுங்க! வாசம் வருதுங்க!" என்று மேலிருந்து அவள் கூவினாள். "எனக்குந் தெரியுது!" என்று கீழிருந்து நான் கூவினேன். ஏழு மாதத்தில் அந்த வார்த்தையை நிஜமாகச் சொன்னது இன்றுதான்.

விஷயம் இதுதான். டிராயரின் பின்பலகையில் ஒரு திருகு வெளியே நீட்டிக்கொண்டு குழாயில் மாட்டியிருக்கிறது. டிராயரை இழுத்தால் குழாயும் கூடவே இழுபட்டு மூட்டு லேசாகத் திறக்கிறது, டிராயரை மூடினால் அதுவும் மூடிக்கொள்கிறது. பழனியில் நான் சோப்பு போட்டபோது டிராயர் மூடியிருந்தது. பெருங்காயத்தை வெளியே கட்டியதும் டிராயரைத் திறக்க வேலையில்லாமல் போயிற்று, வாசமும் நின்றது. டிராயரை இழுக்க ஒருவர், மூட்டைப் பார்க்க ஒருவர் என்று இருவர் சேர்ந்திருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும்.

தெய்வானை தம்பிக்குப் போன் போட்டாள். "டேய் சென்னியப்பா, உன்ற டிராயரு எங்களக் கொல்லப் பாத்துதுடா!"

"நீதானக்கா ஒரு சாண் ஆழமா வேணும்னு அடம் புடிச்ச?"

"ஆழமாத்தானடா கேட்டேன்? திருகக் குழாயிலயா மாட்டச் சொன்னேன்?"

பிறகு என்னிடம் போனை நீட்டினாள். அவன் பயந்துபோய், "மச்சா, உங்க மூக்குக்கா இது தெரியாமப் போச்சு?" என்றான். தெய்வானை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூக்கு போயி ஏழு மாசமாச்சு மாப்ள. அந்த அலாரத்த வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்பு" என்றேன். சொல்லிவிட்டால் அவ்வளவுதான். ஒன்றும் இடிந்து விழவில்லை.

ரெகுலேட்டரை மூடி, இருந்த கேஸைக் காற்றில் விட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன். நெளிந்துபோன குழாய் முனையை வெட்டி, புதிதாக முனை விரித்து, இரண்டு ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். குழாயைச் சுவரோடு சேர்த்துக் கிளாம்ப் அடித்தேன். திருகைப் பிடுங்கிவிட்டு, டிராயர் பின்னால் போகாதபடி ஒரு கட்டையும் வைத்தேன். மறுபடி ஷாம்பூ. தெய்வானை டிராயரை இருபது தடவை இழுத்து மூடினாள். நுரை இல்லை. அரை மணி நேரம் பொறுத்துத் தரையெல்லாம் மோந்து பார்த்தாள்.

"கச்சிதமுங்க" என்றாள், கண்ணை மூடி, என்னை மாதிரியே.

மார்ச் 3, வேம்பார்

அடுப்பு மறுபடி எரிந்தது. தெய்வானை ஒரு புது ஆட்டம் கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கு என்னென்ன தெரிகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதனை. மிளகு, தெரிந்தது. சுக்கு, தொண்டையில் தெரிந்தது. மாங்காய், தெரிந்தது. கொத்தமல்லித் தழை, தெரியவில்லை. "தெரியாததத் தெரியுதுன்னு சொன்னா கருவாட்டக் கொண்டாந்துருவேன்" என்று மிரட்டல் வேறு. மதியம் மாங்காய் போட்டுக் காரக் குழம்பு, தட்டு ஓரத்தில் நொறுக்கிய முறுக்கு, வறுத்த வேர்க்கடலை. நாக்குக்கும் பல்லுக்கும் வேலை இருந்தது. நன்றாக இருந்தது. இந்தத் தடவை நிஜமாகவே நன்றாக இருந்தது.

மார்ச் 5, மணப்பாடு

அலாரம் தூத்துக்குடியில் வந்து சேர்ந்தது. தரையோரமாக மாட்டிவிட்டேன். ஆனாலும் காலையில் அடுப்பைத் தொடும் முன் தெய்வானை ஒரு சுற்று மோந்துவிட்டுத்தான் விடுகிறாள். சுற்று முடிந்ததும் ஜன்னலருகே நின்று வெளியிலிருந்து வரும் வாசத்தையும் எனக்கு ஒப்பிக்கிறாள். மீன் வலை, ஈர மணல், பக்கத்துப் பந்தலில் மல்லி, எங்கோ ரொட்டி சுடுகிறார்கள். நான் டீயைக் குடித்துக்கொண்டே கேட்கிறேன். மூக்கு போனதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் இப்படி ஒரு மூக்கு வாய்க்கும் என்று தெரிந்திருந்தால் ஏழு மாதத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன்.

இன்று மணற்குன்றின் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அவள் என் தோளருகே சாய்ந்து மூச்சை இழுத்தாள்.

"என்ன புள்ள, இங்கயுமா லீக்கு?"

"நீங்க வேலையில இருந்தப்ப உங்க சட்டை, துண்டு, தலகாணி எல்லாமே கேஸ் நாத்தமுங்க. கண்ணாலமாகி வந்த நாள்ல இருந்து அதுதான் உங்க வாசம்னு நெனச்சுட்டு இருந்தேன். வேலைய விட்டு நாலு மாசமாச்சில்லீங்க. இப்பத்தான் உங்க வாசம் எதுன்னே எனக்குத் தெரியுது."

அவள் பக்கம் திரும்பினேன். பிறகு கேட்டேன்: "என்ன வாசம்?"

"சொல்ல மாட்டனுங்க. நோட்டுல எழுதீருவீங்க."

"சத்தியமா எழுத மாட்டேன்."

அக்கம்பக்கம் யாருமே இல்லாதபோதும் அவள் என் காதருகே குனிந்து சொன்னாள்.

எழுத மாட்டேன்.